பிச்சாவரத்தில் சேற்றுத் தாவி மீன்களைக் காணச் செல்வோருக்கு

சிதம்பரத்திற்குக் கோயில் தரிசனத்திற்காக வரும் வெளிநாட்டுத் தமிழர்கள் பலர், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிச்சாவரம் கண்டல் (மாங்குரோவ்) காட்டிற்கும் சென்று ஒரு மணி நேரம் படகில் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். மரங்களையும் கொக்குகளையும் படமெடுக்கும் அவர்களில் மிகச் சிலரே, படகுக்கு அருகிலேயே சேற்றின் மேல் நடமாடும் சேற்றுத் தாவி மீன்களைக் கவனிக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வருபவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. அமெரிக்கக் கண்டங்களின் கரைகளில் இம்மீன்கள் இயற்கையாக வாழ்வதில்லை.

பயண நாளைத் தேர்வதற்கு நாட்காட்டியைப் பாருங்கள். நம் கிழக்குக் கரையில் கடல்நீர் ஏறி வற்றும் அளவு பொதுவாகவே குறைவு என்பதால், நீர் நன்றாக வற்றிச் சேற்றுத் திட்டுகள் அகலமாக வெளிப்படும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களே உகந்தவை. கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைக் கடலூர் அல்லது நாகப்பட்டினத்துக்கு இணையத்தில் பார்த்து, படகு இயங்கும் பகல் வேளையில் நீர் வற்றும் நாளாகத் தேர்ந்துகொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்த்து, தை, மாசியில் வருவது நல்லது. கோடை விடுமுறையில்தான் வர முடியும் என்றால் காலையிலேயே புறப்படுங்கள்.

மோட்டார் படகை எடுக்காதீர்கள். துடுப்புப் படகுதான் சுரபுன்னை வேர்கள் வளைந்து கவியும் குறுகிய வாய்க்கால்களுக்குள் ஓசையின்றி நுழையும். ஒரு சேற்றுத் திட்டின் ஓரமாகப் படகை நிறுத்தச் சொல்லி, உங்கள் நிழல் திட்டின் மேல் விழாதபடி, பத்து நிமிடமாவது அசையாமல் இருங்கள். ஆள் அரவம் கேட்டு வளைக்குள் ஒளிந்தவை ஒவ்வொன்றாக வெளியே வரும். முதலில் தெரிவது தலைக்கு மேல் துருத்திய இரண்டு கண்கள். அக்கண்களை அவை அவ்வப்போது கண்குழிக்குள் இழுத்து நனைத்துக்கொள்வதைத் தொலைநோக்கி இருந்தால் தெளிவாகக் காணலாம்.

எல்லாம் ஒரே மீன் என்று எண்ணிவிட வேண்டாம். உளுவை மீன்களுக்கு உறவான இவற்றில் உலகெங்கும் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. விரல் நீளத்தில், வேர்களின் மீதும் ஏறி அமர்ந்து, சிறு நண்டுகளையும் பூச்சிகளையும் பிடித்துத் தின்பவை பெரியோப்தால்மஸ் வகையைச் சேர்ந்தவை. நீர்விளிம்பை ஒட்டிய குழைந்த சேற்றில், உடலில் நீலப் புள்ளிகளோடு, தலையை இடமும் வலமும் ஆட்டியபடி சேற்றின் மேற்படலத்தில் படிந்த நுண்பாசியைச் சுரண்டித் தின்பது போலியோப்தால்மஸ் போடார்ட்டி. 1770இல் பல்லாஸ் என்ற இயற்கையறிஞர் விவரித்த இனம் இது. முதுகுத் துடுப்பை விரித்து ஆண் மீன் மேலெழும்பித் துள்ளுவதைக் கண்டுவிட்டால் அந்தப் பயணம் வீண்போகவில்லை. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் தங்கள் ஊர்க் கண்டல் காடுகளில் கண்டிருக்கக்கூடிய, ஒரு சாணையும் தாண்டி வளரும் பெரிய சேற்றுத் தாவி இவற்றிலிருந்து வேறான இனமாகும்.

இம்மீன்கள் ஈரத் தோலாலும் வாயின் உட்புறத்தாலும் காற்றிலிருந்து உயிர்வளியைப் பெறுகின்றன. செவுள் அறையில் நீரைத் தேக்கிக்கொண்டு, மார்புத் துடுப்புகளை ஊன்றி நடக்கின்றன. சேற்றுக்கடியிலுள்ள வளையின் அறைக்கு வாய் நிறையக் காற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்து, அந்த அறையின் கூரையில் ஒட்டியுள்ள முட்டைகளைக் காக்கும் இனங்களும் உண்டு.

ஆகவே, படத்துக்காகத் திட்டில் இறங்காதீர்கள். கால் பதிந்தால் வளைகள் இடியும், அலையாத்தி மரத்தின் மூச்சு வேர்கள் முறியும். தில்லை மரத்தின் கிளையை ஒடிக்கவும் வேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. குழந்தைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்லுங்கள். இன்னும் ஒரு நாள் கையில் இருப்பவர்கள், திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டைக்கும் சென்று, வனத்துறையின் அனுமதி பெற்று, காயல் வரை படகில் போய்வரலாம்.