நத்தாருக்குப் பூசணி வட்டிலப்பம்
வட்டிலப்பம் என்பது முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து ஆவியில் அவிக்கும் இனிப்பு. அதற்குப் பூசணி வாங்கும்போது மட்டக்களப்புச் சந்தையில் முழுக்காயை விட வெட்டின கீற்றை வாங்குங்கள். சதை கடும் செம்மஞ்சளாக, இறுக்கமாக இருக்க வேணும். வெளிறி நீர் கசிந்தால் கறிக்குத்தான் சரி.

தோல், விதை நீக்கி 300 கிராம் எடுத்து ஆவியில் அவியுங்கள். தண்ணீரில் போட்டு அவித்தால் ஈரம் ஏறி வட்டிலப்பம் இறுகாது. மசித்ததும் மெல்லிய துணியில் கட்டிப் பிழியுங்கள். பலர் தவறவிடும் இடம் இதுதான்.

கித்துள் கருப்பட்டி 250 கிராமைச் சீவி, ஒரு கப் தேங்காய் முதற்பாலில் இளஞ்சூட்டில் கரைத்து, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு முட்டையில் ஊற்றினால் திரண்டுவிடும். ஐந்து முட்டையை நுரை எழும்பாமல் கலக்கி, ஆறின கருப்பட்டிப்பால், பூசணி, ஏலக்காய்த்தூள், துளி சாதிக்காய், ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து ஒரு பாத்திரத்தில் வடியுங்கள். கறுவா வேண்டாம், பூசணியின் வாசத்தை அது விழுங்கிவிடும்.

பாத்திரத்தை எண்ணெய்த்தாளால் இறுக மூடி, மெல்லிய நெருப்பில் 40 நிமிடமளவு ஆவியில் அவியுங்கள். மூடாவிட்டால் ஆவித்தண்ணீர் சொட்டி மேலே குழி விழும். நெருப்புக் கூடினால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை. நடுவில் குத்தின ஈர்க்கு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். கஜுவைப் பரிமாறும்போது தூவுங்கள், முன்னமே போட்டால் நமுத்துவிடும்.

ஆறினதும் வெட்டுங்கள். மறுநாள் இன்னும் ருசி.