பின் சஸ்பென்ஷன் புஷ்: முழு செட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்போர்ட்ஸ் காரில் பின்பக்க புஷ்கள் தேய்ந்துவிட்டன என்று தெரிந்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த கம்பெனி பாலி (பாலியூரித்தேன்) செட் நல்லது?" என்பதுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். ஒவ்வொரு புஷ்ஷும் எந்தப் பக்கம் திரும்பியாக வேண்டும், எந்தப் பக்கம் அசையவே கூடாது என்று முதலில் பார்த்துவிட்டால் பாதித் தேர்வு தானாகவே முடிந்துவிடும். இதுவரை ஒரு புஷ்ஷைக்கூட மாற்றிப் பார்க்காதவர்களை நினைத்து இதை எழுதுகிறேன்.

முதலில், புஷ் என்ன செய்கிறது?

வழக்கமான ரப்பர் புஷ் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உலோகக் குழாய்கள், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். வெளிக்குழாய் ஆர்மின் (சக்கரத்தை வண்டியோடு இணைத்து மேலும் கீழும் ஆடவிடும் கை) துளைக்குள் அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். உள்குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது உள்ளே எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கிறது. அதனால்தான் இதற்கு கிரீஸும் வேண்டாம், சத்தமும் வராது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள், போல்ட்டை இறுக்கும் நேரத்தில் தேவைப்படும்.

ரப்பர் மென்மையாக இருப்பது செலவைக் குறைக்கச் செய்த வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியே சொல்லிவிட முடியாது. 1977-இல் வந்த போர்ஷே 928-இன் பின் சஸ்பென்ஷனில் வேண்டுமென்றே ஒரு நெகிழ்வை வைத்தார்கள். வளைவின் நடுவில் ஓட்டுநர் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் வெளிப்பக்கம் திரும்பப் பார்க்கும், வண்டியின் பின்பகுதி வீசும். இந்த அமைப்பில் அதே விசை சக்கரத்தைச் சற்று உள்பக்கம் திருப்பி வண்டியை நிலையாக வைத்தது. 1980-களின் நடுவில் வந்த இரண்டாம் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரிலும் பின் ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) இருக்கும் புஷ்கள் வளைவின் விசைக்கு ஏற்ப டோவை, அதாவது சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் அளவை, மாற்றும். சர்க்யூட்டில் (பந்தயத் தடத்தில்) ஓட்டுபவர்கள் பலர் இந்தத் தானியங்கித் திருப்பம் பிடிக்காமல், இறுக்கமான புஷ் போட்டு அதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு அது சரி. ஆனால் எதை நிறுத்துகிறோம் என்று தெரிந்தே செய்கிறார்கள்.

படி 1: எது போயிருக்கிறது என்று உறுதி செய்யுங்கள்

அறிகுறிகள்: பின் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வது, அலைன்மென்ட் செய்தும் சில வாரங்களில் அளவு மாறிப்போவது, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் பின்பகுதி தானே ஸ்டியரிங் திருப்புவதுபோல் நகர்வது, பள்ளத்தில் 'டொக்' என்ற சத்தம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம். வீல் பேரிங், ஷாக்கின் மேல் மவுண்ட், ஸ்டெபிலைசர் லிங்க் மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள். வண்டியைத் தாழ்த்தியிருந்தால் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாயும் அளவு) கூடி, புஷ் நன்றாக இருந்தாலும் டயரின் உள்பக்கம் தேயும்.

வண்டியை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஒரு கடப்பாரைக் கம்பியை ஆர்முக்கும் அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் கொடுத்து நெம்பிப் பாருங்கள். மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு இருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், வயதான ரப்பரில் அது வரும். வெடிப்பு ஆழமாக இறங்கியிருந்தாலோ, ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்திருந்தாலோ, உள்குழாய் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ அது முடிந்துவிட்டது. சில கார்களில் உள்ளே திரவம் நிரப்பிய புஷ் இருக்கும். அதைச் சுற்றி எண்ணெய்ப் பசை தெரிந்தால் ஷாக் கசிவு என்று முடிவு கட்டும் முன் புஷ்ஷையும் துடைத்துப் பாருங்கள்.

படி 2: ஒவ்வொரு புஷ்ஷும் எப்படி அசைகிறது என்று எழுதுங்கள்

இந்தப் பதிவின் முக்கியமான பகுதி இதுதான். ஒரு தாளில் பின் சஸ்பென்ஷனை வரைந்து ஒவ்வொரு புஷ்ஷையும் குறியுங்கள். முடிந்தால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு (முறையான ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்) ஹப்பை ஜாக்கால் மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி, ஆர்ம்கள் போகும் பாதையைக் கவனியுங்கள். எல்லா புஷ்களும் மூன்று வகைக்குள் வந்துவிடும்.

ஒன்று, சுழலவே தேவையில்லாதவை: சப்ஃபிரேமை (ஆர்ம்கள் மாட்டியிருக்கும் சட்டத்தை) பாடியோடு பிடிக்கும் புஷ், டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் கியர் பெட்டி) மவுண்ட். இரண்டு, ஒரே அச்சில் கதவுக் கீல்போல மட்டும் திரும்புபவை: ஒரே கோட்டில் இரண்டு புஷ் உள்ள 'ஏ' வடிவ ஆர்மின் உள்முனை இதற்கு நல்ல உதாரணம். மூன்று, கீல்போலத் திரும்பிக்கொண்டே பக்கவாட்டிலும் சாய வேண்டியவை. சிக்கல் முழுவதும் இந்த மூன்றாவது வகையில்தான்.

பிஎம்டபிள்யூ இ36, இ46 மாடல்களின் பின் டிரெய்லிங் ஆர்மை (சக்கரத்திலிருந்து முன்னோக்கி நீளும் ஆர்ம்) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்முனையில் ஒரே ஒரு பெரிய புஷ். சக்கரம் மேலே ஏறும்போது குறுக்கே இருக்கும் இரண்டு லிங்க்குகளும் சக்கரத்தை ஒரு வில் பாதையில் இழுக்கின்றன. அதனால் டிரெய்லிங் ஆர்ம் மேலே போவதோடு சற்றுப் பக்கவாட்டிலும் சாய்கிறது. ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும். அங்கே கெட்டியான, நேர் உருளை வடிவ பாலி புஷ்ஷை ஏற்றினால் ஆர்ம் சாய இடமில்லாமல் இறுகும், அந்தப் பாரம் பிராக்கெட்டுக்குப் போகும். இதே புஷ் தேய்ந்துபோனால் பின் டோ கண்டபடி மாறும் என்பதும் உண்மை. எனவே மாற்றத்தான் வேண்டும், எதைப் போடுவது என்பதுதான் கேள்வி. பலரும் போகும் நடுவழி: அதே வரிசையின் ஸ்போர்ட்ஸ் மாடலான எம்3-க்கு வந்த ரப்பர் புஷ், கூடவே இரண்டு பக்கமும் லிமிட்டர் வளையம். வளையம் அளவுக்கு மீறிய பக்கவாட்டு நகர்வை நிறுத்தும், ரப்பர் தேவையான சாய்வைத் தரும். செலவும் அதிகமில்லை. சாலையில் ஓட்டுபவர்களுக்கு எனக்குப் பிடித்த தீர்வு இதுதான்.

இன்னொரு உதாரணம், 1979 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங். நீளமான ஒரே பின் ஆக்சில், அதைப் பிடிக்க நான்கு ஆர்ம்கள். மேல் ஆர்ம் இரண்டும் சாய்வாக இருக்கும். வண்டி ஒரு பக்கம் சாயும்போது இந்த நான்கும் ஒன்றோடொன்று முரண்படும், புஷ்கள் நசுங்கிக்கொடுத்தால்தான் ஆக்சில் அசையவே முடியும். மேல் ஆர்ம்களில் கெட்டியான பாலி போட்டால் வளைவில் ஓர் அளவுக்கு மேல் பின்பகுதி திடீரென்று விறைத்து, டயர் பிடியை விட்டுவிடும். கெட்டியான புஷ் போட்டால் பிடிப்பு கூடும் என்று எதிர்பார்த்தவருக்கு நேரெதிரான பலன்.

படி 3: பொருளைத் தேர்ந்தெடுங்கள்

ரப்பர், பாலி ஆகியவற்றின் கடினத்தை 'ஷோர் ஏ' என்ற அளவில் சொல்வார்கள். எண் கூடக் கூடக் கெட்டி. சாதாரண ரப்பர் புஷ் பெரும்பாலும் 50-இலிருந்து 70-க்குள் இருக்கும். பாலியூரித்தேன் சுமார் 70-இல் தொடங்கி 95 வரை போகும். நிறத்தை வைத்துக் கடினத்தை ஊகிக்காதீர்கள், ஒரு கம்பெனியின் கறுப்பு இன்னொரு கம்பெனியில் வேறு எண்ணாக இருக்கும். எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

புதிய ஒரிஜினல் ரப்பரைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். பத்து வருடம் ஓடிய புஷ்ஷோடு ஒப்பிட்டால் புதிய ரப்பரே வண்டியை வேறு வண்டியாக்கிவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால், பல தயாரிப்பாளர்களின் மோட்டார்ஸ்போர்ட் பிரிவுகளே கடினமான ரப்பர் புஷ் விற்கின்றன. சுபாருவுக்கு எஸ்டிஐ, நிசானுக்கு நிஸ்மோ. மூன்றாம் வகை இடத்துக்கு முதலில் இதைத் தேடுங்கள்.

பாலி வேறு விதமாக வேலை செய்கிறது. அது முறுக்கிக்கொடுப்பதில்லை, உலோகக் குழாய் அதற்குள் வழுக்கிச் சுழலும். ஆகவே கிரீஸ் வேண்டும், கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும். இரண்டாம் வகை இடத்தில் பாலி அருமையாகப் பொருந்தும்.

டெல்ரின் என்ற கடினமான பிளாஸ்டிக், அலுமினியம் இரண்டும் அதற்கும் கெட்டி. டெல்ரின் ஒரே அச்சில் மட்டும் திரும்பும் இடத்துக்கு, அலுமினியம் சப்ஃபிரேமுக்கு. கடைசியாக உருண்டை பேரிங் வைத்த ஜாயின்ட், அதாவது ரோஸ் ஜாயின்ட். எந்தப் பக்கமும் தடையில்லாமல் சாயும், ஆனால் நெகிழ்வு கொஞ்சமும் கிடையாது. மூன்றாம் வகை இடத்துக்குப் பொறியியல்படி இதுதான் சிறந்த விடை. அதற்கு ஈடாக இரண்டு குறைகள்: சாலையின் ஒவ்வொரு கல்லும் உள்ளே கேட்கும், தூசியும் ஈரமும் புகுந்தால் சீக்கிரம் ஆடத் தொடங்கும். சர்க்யூட் காருக்குச் சரி. சாலையில் ஓட்டுவதென்றால் உங்கள் நாட்டு வாகன விதிகள் இதை அனுமதிக்கின்றனவா என்றும் பாருங்கள்.

படி 4: எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதோடு பொருத்துங்கள்

தினமும் ஓட்டும் கார் என்றால்: மூன்றாம் வகைக்குப் புதிய ரப்பர் அல்லது கடின ரப்பர், இரண்டாம் வகைக்கு ஷோர் ஏ 80 அளவில் பாலி, சப்ஃபிரேமுக்குப் புதிய ரப்பர் அல்லது பாலி, டிஃபரன்ஷியலுக்கு ரப்பர். டிஃபரன்ஷியல் மவுண்ட்டை மட்டும் அவசரப்பட்டுக் கெட்டியாக்க வேண்டாம். கியர் பற்களின் ஊளைச் சத்தம் நேராக கேபினுக்குள் வரும், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் அதைக் கேட்டால் வெறுத்துப்போவீர்கள்.

அவ்வப்போது சர்க்யூட்டுக்கும் போவீர்கள் என்றால் சப்ஃபிரேமிலிருந்து தொடங்குங்கள். அது சுழலாத இடம், கெட்டியாக்கினால் எதுவும் இறுகாது, சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும். ஒரு எச்சரிக்கை: இ46 போன்ற கார்களில் சப்ஃபிரேம் பிடிக்கும் இடத்தில் தரைத் தகடே வெடிக்கும் வழக்கம் உண்டு. தகட்டைப் பார்த்துச் சரிசெய்யாமல் அங்கே அலுமினியம் புஷ் போடுவது வீண்.

எதைப் போட்டாலும் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

படி 5: பணம் கொடுக்கும் முன்

சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பாகத்தின் எண்ணை உறுதி செய்யுங்கள். ஒரே மாடலில் நடுவில் ஆர்ம் மாறியிருக்கலாம். பாலி கிட் என்றால், பழைய புஷ்ஷின் வெளிக்குழாயை விட்டுவைக்க வேண்டுமா, எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். இரண்டு விதமும் உண்டு, தவறாக வெட்டி எறிந்துவிட்டால் திரும்ப வராது. உள்குழாய் பாலியைவிடச் சற்றே நீளமாக இருக்க வேண்டும், அப்போதுதான் போல்ட் குழாயைப் பிடிக்கும், பாலியை நசுக்காது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்தக்கூடிய போல்ட்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்து வாங்குங்கள். அப்புறம், புஷ்ஷோடு முழு ஆர்ம் என்ன விலை என்றும் பாருங்கள். துருப்பிடித்த ஆர்மில் மல்லுக்கட்டுவதைவிட அது பல நேரம் மலிவு.

படி 6: பொருத்தும்போது

கழற்றும் முன் ஹப்பின் நடுவிலிருந்து வீல் ஆர்ச் விளிம்பு வரை, வண்டி தரையில் நிற்கும்போது உள்ள உயரத்தை அளந்து எழுதுங்கள். அலைன்மென்ட் போல்ட்களின் நிலையை பெயின்டால் குறியுங்கள். பழைய புஷ் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருந்தது என்பதையும் ஆர்மில் குறியுங்கள். ரப்பரில் வெற்றிடம் விட்ட புஷ்கள் ஒரு திசையில் மென்மையாகவும் மறு திசையில் கெட்டியாகவும் இருக்கும், திருப்பிப் போட்டால் குணமே மாறிவிடும்.

பழையதை எரித்து எடுக்காதீர்கள். புகை நச்சு, அலுமினிய ஆர்ம் என்றால் சூட்டில் பலமும் போய்விடும். அளவான கப் வைத்த புஷ் பிரஸ்ஸால் தள்ளுங்கள். ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் போதும், பெட்ரோலியம் கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறிக் கெடும். பாலிக்குக் கிட்டோடு வரும் கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள்.

ரப்பர் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். ஹப்பை ஜாக்கால் தூக்கி, முன்பு எழுதிய உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகு டார்க் ரெஞ்ச்சால் (குறித்த விசைக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்) இறுக்குங்கள். ஜாக் தூக்கும்போது வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்புகிறதா என்று ஒரு கண் இருக்கட்டும். இ36, இ46 டிரெய்லிங் ஆர்மில் மட்டும் புஷ்ஷின் போல்ட்டை வெளியிலேயே இறுக்கிவிட்டுப் பிராக்கெட்டோடு மாட்டுவார்கள், அதனால் பிராக்கெட்டின் கோணத்தை சர்வீஸ் மேனுவலில் உள்ளபடி முன்பே வைக்க வேண்டும்.

முடித்ததும் நேராக அலைன்மென்ட்டுக்குப் போங்கள். பின் டோவையும் சேர்த்துப் பார்க்கும் நான்கு சக்கர அலைன்மென்ட் வேண்டும், முன்பக்கம் மட்டும் பார்த்து அனுப்பும் இடத்தில் விடாதீர்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா போல்ட்களிலும் டார்க் ரெஞ்ச்சை மறுபடி ஒருமுறை வைத்துப் பாருங்கள்.