பிடித்த வரியை வேலைக்குக் கொண்டு வருவது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். பொன்மொழிகள் மேல் எனக்குப் பெரிய பிரியம். ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்து வைக்காதீர்கள். உங்கள் வேலையில் எந்த இடத்தில் கை தவறுகிறதோ, அதற்கு ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்.

என் வரி, 'எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு'. வெட்டிய துணியை ஒட்ட முடியாதே! அதனால் கட்டிங் டேபிள் ஓரத்தில், கை போகும் இடத்திலேயே மார்க்கரால் எழுதியிருக்கிறேன். சுவரில் உயரத்தில் மாட்டினால் யாரும் பார்ப்பதில்லை.

அப்புறம், வரியைச் செய்யும் காரியமாக உடைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எண்ணுவது என்றால் இதுதான்: ரோலைப் பிரித்துத் துணியைத் தளரவிட்டாயிற்றா? இழுபட்ட பின்னல் துணியை அப்படியே வெட்டினால் பிறகு சுருங்கி அளவு குறையும். பேட்டர்ன் சரியான சைஸா? ஓரம் நேராக இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றால்தான் கத்தி.

வாட்ஸ்அப்பில் வருவதை மூலம் பார்க்காமல் நம்பாதீர்கள். விவேகானந்தர், கலாம் பெயரில் யார் யாரோ எழுதியது சுற்றுகிறது. குறள் என்றால் சரிபார்ப்பது சுலபம், அதிகாரத்துக்குப் பத்துதான். என் வரி 467-ஆவது குறள் என்றால், 47-ஆம் அதிகாரமான தெரிந்து செயல்வகையில் ஏழாவது.

புதிதாக வரும் பையன்களிடம் என் வரியைத் திணிப்பதில்லை. காங்கேயம் பக்கத்துத் தம்பி ஒருவனுக்கு 'அகல உழுகிறதை ஆழ உழு' பிடித்துப்போயிற்று. ஒரு சைஸை பண்டில் கட்டி நம்பர் போட்டு முடித்த பிறகே அடுத்ததைத் தொடுகிறான்.