வெள்ளம், நிலநடுக்கம் வரும்போது கெமிக்கல் பிளான்ட்ல நடக்குற தப்புங்க

கரன்ட் போனா ஜெனரேட்டர் இருக்கு, அதுவும் போனா இன்னொண்ணு இருக்குன்னு நம்பி உக்காந்திருக்கிறதுதான் முதல் தப்பு, ஏன்னா ரெண்டும் ஒரே தரையிலதான் நிக்குது, வெள்ளம் வந்தா ரெண்டும் சேந்தேதான் முழுகும்.

2017 ஆகஸ்ட்ல ஹார்வி புயல் வந்தப்போ டெக்சாஸ்ல கிராஸ்பிங்கிற ஊர்ல ஆர்கெமாங்கிற கம்பெனியோட கெமிக்கல் பிளான்ட்ல இதான் நடந்துச்சு. அங்க இருந்தது ஆர்கானிக் பெராக்சைடுங்கிற கெமிக்கல், எப்பவும் ஜில்லுன்னே வச்சிருக்கணும், சூடேறினா தானாவே சிதைஞ்சு பத்திக்கும். மெயின் கரன்ட் போச்சு, ஜெனரேட்டர் போச்சு, அதுக்கும் மேல வச்சிருந்த லிக்விட் நைட்ரஜன் கூலிங்கும் போச்சு. வேலை செஞ்சவங்க கொட்டுற மழையில, ஏறிக்கிட்டே இருக்குற தண்ணியில, சரக்கை எல்லாம் 9 ஃப்ரீசர் டிரெய்லருக்கு மாத்துனாங்க, அந்தப் பாட்டை நினைச்சாலே மனசு கனக்குது, ஆனா டிரெய்லரோட கூலிங்கும் நின்னுபோச்சு. சுத்தி 1.5 மைலுக்கு ஜனங்களை வெளியேத்தினாங்க, 3 டிரெய்லர் தானா எரிஞ்சுது, மிச்சம் 6-ஐ வேற வழியில்லாம அவங்களே கொளுத்தினாங்க. புகையில பாதிக்கப்பட்டு 21 பேர் வைத்தியம் பாக்கப் போனாங்க.

டேங்க்ல சரக்கு கம்மியா இருந்தா ஆபத்தும் கம்மின்னு நெனைக்கிறது அடுத்த தப்பு. வெள்ளத்துல வெறும் குடம் மிதக்கும், நிறைகுடம் நிக்கும், டேங்க்கும் அப்படித்தான். 2005-ல கத்ரீனா புயல் வந்தப்போ லூசியானால மெரோங்கிற இடத்துல, 2,50,000 பேரல் புடிக்கிற டேங்க்ல சுமார் 65,000 பேரல் கச்சா எண்ணெய்தான் இருந்துச்சு, தண்ணி அதை அலாக்கா தூக்கி நகத்திடுச்சு, சுமார் 25,000 பேரல் வெளியேறி ஏறக்குறைய 1,800 வீட்டுக்குள்ள எண்ணெய். புயல் சீசனுக்கு முன்னாடியே டேங்க்கை தரையோட கட்டிப்போடணும், இல்லன்னா போதுமான அளவு நிரப்பி வைக்கணும், தண்ணியாவது.

ஆனா எதை எங்க நிரப்புறோம்னு பாக்காம விட்டா அதுவும் வினைதான். 2011 மார்ச் 11 ஜப்பான் நிலநடுக்கத்தப்போ சிபாங்கிற இடத்துல காஸ்மோ ஆயில் ரிஃபைனரியில (எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை) ஒரு எல்பிஜி டேங்க்ல டெஸ்ட்டுக்காக தண்ணி நிரப்பி வச்சிருந்தாங்க, தண்ணி எல்பிஜியை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வெயிட்டு, குலுங்கினதுல டேங்க்கைத் தாங்குற கால்கள் மடங்கி சாஞ்சு பக்கத்து பைப்பையெல்லாம் ஒடைச்சுது. இதுல எனக்கு ரொம்ப ஆத்தாமையா இருக்கிறது என்னன்னா, அவசரத்துக்கு மூடவேண்டிய ஒரு வால்வை ஏற்கனவே திறந்தபடியே லாக் பண்ணி வச்சிருந்தாங்க, கேஸை நிறுத்த முடியல, 17 டேங்க் நாசம், 10 நாள் எரிஞ்சுது.

தீயணைக்க வெளியில இருந்து வர்ற தண்ணியை மட்டும் நம்புறதும் இதே ரகம். 1999 ஆகஸ்ட்ல துருக்கி இஸ்மித் ரிஃபைனரி எரிஞ்சப்போ தண்ணி கொண்டுவர்ற பைப்பே நிலநடுக்கத்துல ஒடைஞ்சிருந்துச்சு, விமானத்துல இருந்து கொட்ட வேண்டியதாச்சு.