உங்கள் வீட்டில் சீரியல் பார்ப்பவரைக் கவனிப்பது எப்படி

டி.ஆர்.பி., அதாவது எதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு, எடுக்க வீடுகளில் வைக்கிற மீட்டருக்கு எந்தச் சேனல் ஓடுகிறது, "நான் பார்க்கிறேன்" என்று யார் யார் தங்கள் பட்டனை அழுத்தினார்கள் என்பது தெரியும், அவ்வளவுதான். பார்க்கிறவர் அப்போது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாரா, வில்லியைத் திட்டினாரா, கண் கலங்கினாரா என்பதை அது சொல்லாது. குறும்படம் எடுப்பவரோ ஊடகம் படிப்பவரோ யாராக இருந்தாலும், அதைத் தெரிந்துகொள்ள உங்கள் வீட்டு ஹாலே போதும்.

ஒரு ஆள், ஒரு சீரியல், ஒரு வாரம். "நீங்க பார்க்கிறதைப் பத்தி எழுதப்போறேன்" என்று முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். ஆனால் நோட்டை மடியில் விரித்துக்கொண்டு உட்காராதீர்கள், போனில் ரெக்கார்டும் வேண்டாம், பேட்டி கொடுப்பது மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார்கள். கூடவே உட்கார்ந்து பாருங்கள், முடிந்ததும் தனியாகப் போய் எழுதுங்கள்.

எப்போது தலை நிமிர்கிறார்கள் என்று பாருங்கள். என் அத்தை பாதி நேரம் காதால்தான் சீரியல் பார்ப்பார், பின்னணி இசை மாறினால் மட்டும் கண் டிவிக்குப் போகும். திரையைப் பார்த்து அவர்கள் சொல்கிற "அடிப்பாவி", "இவளுக்கு நல்லா வேணும்" எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

"பிடிச்சிருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ம், நல்லாத்தான் இருக்கு" என்பதோடு முடிந்துவிடும். அதற்குப் பதில் ஒருநாள் வேண்டுமென்றே பார்க்காமல் இருந்துவிட்டு, மறுநாள் "நேத்து என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி கிடையாது. அத்தை அந்தக் காதல் கதையை ஒரே வரியில் தாண்டிவிட்டு, மருமகளின் நகை அடகுக்குப் போனதைப் பத்து நிமிடம் சொன்னார். எதை விடுகிறார்கள், எதை இழுக்கிறார்கள் என்பதில்தான் அவர்கள் பார்த்த கதை இருக்கிறது.

பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-ல் மூன்று வகைப் பார்வைகளைப் பிரித்தார்: சொன்னதைச் சொன்னபடி ஏற்பது, தன் வாழ்க்கைக்குத் தக்கபடி கொஞ்சம் மாற்றி ஏற்பது, ஏற்காமல் எதிர்த்துப் பார்ப்பது. பிரிவு உதவும், ஆனால் ஆளை ஒரு பெட்டியில் போட்டு மூடாதீர்கள், அரை மணி நேரத்துக்குள் ஒருவரே மூன்றையும் செய்வார்.

அப்புறம், டிவியை அணைத்த பிறகும் கவனியுங்கள். ஊடகம் மக்களை என்ன செய்கிறது என்பதைவிட மக்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள் என 1959-லேயே சொன்னார் ஊடக ஆய்வாளர் எலிஹு காட்ஸ். கதாநாயகியின் ஜாக்கெட் டிசைன் தையல்காரரிடம் போகும், கதை தங்கச்சியிடம் போனில் போகும். "அந்தப் பொண்ணு எவ்வளவு பொறுப்பா இருக்கா பாரு" என்று ஒரு குரல் எழும்போது திரையைப் பார்க்காதீர்கள், அறையில் வேறு யார் இருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நேரே சொல்ல முடியாததைச் சீரியல் வழியாகச் சொல்கிற வீடுகள் நிறைய.

வாரக் கடைசியில் எழுதியதை அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். அத்தை பாதியில் நிறுத்தி, "நான் திட்டினது அவளை இல்ல, அவ புருஷனை" என்றார். அந்தத் திருத்தத்தையும் தேதி போட்டுச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.