பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கப் போகிறவர்களுக்கு

பூட்டிக் கிடந்த அம்மா வீட்டைச் சுத்தம் செய்ய எனக்கு ஆனது மொத்தம் 20,516 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிளம்புவதற்கு முன் நான் விசாரித்தபோது ஒருத்தர்கூடத் தொகையைச் சொல்லவில்லை, "அது வீட்டைப் பொறுத்தது" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். வீடு உறையூரில், 1,600 சதுர அடி, தனி வீடு, அம்மா போனதிலிருந்து 34 மாதம் பூட்டிக் கிடந்தது. நான் இருக்கிற சிங்கப்பூர்க் காசில் முந்நூறு வெள்ளி, அதாவது டாலர், சொச்சம். அங்கே ஈசூனில் என் நாலறை வீட்டைச் சுத்தம் செய்ய ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வரும் அக்காவுக்கு மணிக்கு 25 வெள்ளி, நாலு மணி நேரத்துக்கு நூறு. மூன்று சனிக்கிழமைக் காசில் அம்மா வீடு முழுக்கப் பளபளவென்று ஆகிவிடும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு திருச்சியில் இறங்கினேன். கணக்கு கிட்டத்தட்ட சரிதான். மற்றதுதான் சரியில்லை.

முதலில் காசு விஷயம். அடுக்குமாடி வீடாக இருந்தால் படுக்கையறை எண்ணிக்கையை வைத்து விலை சொல்வார்கள், ரெண்டு படுக்கையறை வீட்டுக்கு எனக்குத் தெரிந்தவர்கள் 4,000 முதல் 6,000 வரை கொடுத்திருக்கிறார்கள். தனி வீடு என்றால் சதுர அடிக் கணக்கு. நான் மூன்று இடத்தில் கேட்டேன், சதுர அடிக்கு 6, 7, 10 ரூபாய் என்று சொன்னார்கள். 7 சொன்னவரை எடுத்தேன், 11,200 ஆனது. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 2,016. இதைப் போனில் யாரும் சொல்ல மாட்டார்கள், வேலை முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொல்வார்கள். வரி கேட்டால் பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு 20 லட்சத்துக்குக் கீழே வியாபாரம் செய்கிற சின்ன ஆட்கள் பதிவே செய்ய வேண்டியதில்லை, பதிவு செய்யாதவர் வரி வாங்கவும் முடியாது.

இந்த விலைக்குள் மொட்டை மாடி வராது. சம்ப் என்கிற தரையடித் தண்ணீர்த் தொட்டி வராது, மாடித் தொட்டி வராது, கொல்லை வராது, சாமான் நிறைந்த அலமாரியின் உட்பக்கம் வராது, கரையானும் அவர்கள் விஷயம் இல்லை. சம்ப்பும் தொட்டியும் கழுவத் தனியாக 2,500. கொல்லையில் ஆள் உயரத்துக்கு நின்ற செடியை வெட்ட ரெண்டு ஆள், ஆளுக்கு 900. சம்ப் கழுவுகிறவர்கள் வருவதற்கு ஒரு நாள் முன்பே மூடியைத் திறந்து போட்டுவிடுங்கள், பல மாதம் மூடிக் கிடந்த தொட்டிக்குள் சட்டென்று ஆளை இறக்கக் கூடாது. செப்டிக் டேங்க் என்றால் ஆள் இறங்கவே கூடாது, கழிவை உறிஞ்சுகிற லாரிதான். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. "நம்ம ஆள் ஒருத்தன் இருக்கான், ஐநூறு குடுத்தா இறங்கிடுவான்" என்று உங்கள் சொந்தக்காரர் ஒருவர் கட்டாயம் சொல்வார். வேண்டாம் என்று சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அப்புறம் தண்ணீர். பூட்டின வீட்டுக்கு ஒரு சௌகரியம், கரண்டு பில் வராது, ரெண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். அந்த நினைப்பில் நான் மோட்டாரை மறந்துவிட்டேன். ஐந்து பேர், வாளி, தரை தேய்க்கிற மெஷின் எல்லாம் வந்து இறங்கியாகிவிட்டது, சுவிட்சைப் போட்டால் மோட்டார் உம்மென்று முனகுகிறது, சுற்றவில்லை. வருடக் கணக்கில் ஓடாத மோட்டார் இறுகிப் போகும் என்று மெக்கானிக் சொன்னார், சாதாரணமாக, மழை வந்தால் நனையும் என்கிற மாதிரி. அதற்கு 1,800, அதுவரைக்கும் ஒரு லாரித் தண்ணீர் 1,200. அந்த மெஷினுக்குப் பெரிய பிளக் வேண்டும், பழைய வீட்டில் அது ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் மட்டும்தான் இருக்கும், நீள ஒயர் கொண்டு வரச் சொல்லிவிடுங்கள். ஆக, சுத்தம் செய்கிறவர்கள் வருவதற்கு முந்தின நாளே மோட்டாரைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏன் முந்தின நாள் பார்க்கவில்லை? சாவி சித்தப்பாவிடம் இருந்தது.

இங்கேதான் நிஜமான விஷயம் ஆரம்பிக்கிறது. 34 மாதமும் மாதம் 2,500 ரூபாய் அனுப்பினேன். "வாரம் ஒரு தடவை பெருக்கித் துடைக்க ஆள் வெச்சுக்குங்க சித்தப்பா" என்று சொல்லித்தான் அனுப்பினேன். மொத்தம் 85,000. அவர் வீடு ரெண்டு தெரு தள்ளி. நான் இறங்கியது ராத்திரி, நேராக அங்கே போய்ச் சித்தி சுட்ட தோசையைச் சாப்பிட்டுப் படுத்தேன். காலையில் ஒன்பது மணிக்குக் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள் என்று சொன்னபோது அவர் செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

"ஏன் பாப்பா, அண்ணி வீட்டப் பெருக்கக் கம்பெனியா?"

எனக்கு 44 வயது, இன்னமும் பாப்பாதான். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பால் வாங்கப் போனார். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. பால் கடை எதிரிலேயே இருக்கிறது. கம்பெனி மேஸ்திரி எனக்கு நாலு தடவை போன் பண்ணிவிட்டார்.

கதவைத் திறந்ததும் வந்த வாசனையை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. எலி, ஈரம், பழைய கற்பூரம். ஹாலில் மொசைக் தெரியவே இல்லை, அவ்வளவு தூசி. வாரம் ஒரு தடவை பெருக்கின வீடு இல்லை அது, மூன்று வருடத்தில் மூன்று தடவைகூடப் பெருக்கியிருக்க முடியாது. மாடி அறையில் மட்டும் தரை பாதி சுத்தமாக இருந்தது, மூலையில் ஒரு கிரிக்கெட் மட்டை, ஜன்னல் திண்டில் காலி சிகரெட் பெட்டி. சித்தப்பா பையன் அண்ணா நகர் நண்பர்களோடு வந்து உட்கார்ந்திருப்பான் என்று புரிந்தது. புரிந்தும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. வெளி ஆள் முன்னால் சண்டை போடக் கூடாது என்று அம்மா சொல்லுவாள்.

சண்டையை ராத்திரி போட்டேன். இடியாப்பத்துக்கு நடுவில். "மாசாமாசம் 2,500 அனுப்பினேனே சித்தப்பா, அதெல்லாம் எங்க போச்சு?" இப்படிக் கேட்காதீர்கள். வேறு எப்படி வேண்டுமானாலும் கேளுங்கள். அவர் பாதித் தட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார், சித்தி என்னைப் பார்க்கவில்லை, குழாயில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

பதினான்கு நாள் லீவில் நாலு நாள் இதிலேயே போனது. ரெண்டாம் நாள் அவர் வீட்டுப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் தில்லைநகர் மாமா சமாதானத்துக்கு வந்தார், வந்தவர் சமாதானத்தோடு ஒரு கோரிக்கையும் கொண்டு வந்திருந்தார்: வீடு பூட்டிக் கிடந்தால் பாழாகத்தான் செய்யும், சித்தப்பா பையனுக்கு வைகாசியில் கல்யாணம், அவன் அங்கேயே இருந்துகொள்ளட்டும், வாடகையெல்லாம் எதற்கு, காவலுக்கு ஆள் கிடைத்த மாதிரி இருக்கட்டுமே. மெல்பர்னில் இருக்கிற அண்ணனுக்குத் தகவல் போட்டேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது. எதற்குச் சம்மதம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கும் இந்தக் கோரிக்கை வரும். வந்தால் அந்த இடத்திலேயே சரி என்றும் சொல்லாதீர்கள், மாட்டேன் என்றும் சொல்லாதீர்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதியவும் வேண்டும், வாய்ப்பேச்சில் உள்ளே விட்டால் பிற்பாடு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதற்குச் சாட்சி அந்த மாமாதான். வக்கீல் போனில் இதைத்தான் தெளிவாகச் சொன்னார். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைக்கோட்டைப் படி அத்தனையும் ஏறின மனிதரிடம் போய் ஒப்பந்தம், பதிவு என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் மாமா என்றேன்.

நாலாம் நாள் சித்தப்பாவே வந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, ரப்பர் பேண்டு போட்டது. திண்ணையில் உட்கார்ந்து என் மடியில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வீட்டு வரி, தண்ணி வரி. வாசல் கேட் பூட்டு மாற்றியது. தேங்காய் பறிக்கக் கூலி. மழைக்கு மொட்டை மாடி ஒழுகி, ஓட்டை அடைத்தது 14,000. கரையான் மருந்து 6,500. எல்லாம் நீல மையில், தேதியோடு. நடுவில் ரெண்டு இடத்தில் ஒரே வரி: "அண்ணி திதி, அம்மா மண்டபம், 1,500." அம்மா மண்டபம் என்பது ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரையில் திதி கொடுக்கிற படித்துறை. நானும் அண்ணனும் அந்த ரெண்டு வருடமும் அந்தத் தேதியில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். நான் ஆபீசில் இருந்திருப்பேன். மொத்தச் செலவு 83,900. கடைசிப் பக்கத்தில் மீதி 1,100 ரூபாய் நோட்டாகவே செருகியிருந்தது. பெருக்கினதற்கு ஒரு வரிகூட இல்லை.

"பெருக்குறதுக்குன்னு நீதான் பேரு வெச்ச," என்றார். "நான் கேட்டேனா?"

அதற்காக அவர் செய்தது எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஒழுகினபோது ஒரு போன் செய்திருக்கலாம், சிகரெட் பெட்டி எந்த நோட்டிலும் இல்லை, கல்யாணக் கோரிக்கையை மாமா வாயில் போட்டு அனுப்பியது எனக்கு இன்னும் எரிகிறது. ஆனால் அனுப்புகிற காசுக்கு 'சுத்தம் செய்ய' என்று பேர் வைக்காதீர்கள். அதை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் செலவு என்று சொல்லிவிட்டு, மாதம் ஒரு தடவை ஹால், சமையலறை, மாடி, மூன்று போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். போட்டோ கேட்பது சந்தேகப்படுவதாகத் தெரியும். முதல் மாதத்திலேயே கேட்டால் அவ்வளவாகத் தெரியாது, 34 மாதம் கழித்துக் கேட்டால் சண்டையாகத்தான் தெரியும்.

பணம் கொடுக்கிற விஷயத்தில் ஒன்று. ஊர் சிம் கார்டை ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருந்தேன், அது செத்துப் போயிருந்தது, ஓடிபி வரவில்லை, கம்பெனிக்காரருக்குக் கடைசியில் ஏடிஎம்மில் எடுத்துத்தான் கொடுத்தேன். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊரில் வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு சிங்கப்பூர் எண்ணை இணைத்து வைத்திருந்தால் அந்த எண்ணிலேயே யூபிஐ போடலாம். கிளம்பும் முன் வங்கியில் கேட்டுச் செய்துவிடுங்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் போகாதீர்கள், ஊரே வெள்ளையடித்துக்கொண்டிருக்கும், ஆள் கிடைக்காது.

கடைசியாக ஆசிட். இதை நான் எங்கேயாவது முன்பே படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் சமையலறை சிமெண்டில் காவி கலந்து போட்ட ரெட் ஆக்சைடு தரை, தாத்தா கட்டும்போது போட்டது, அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். அம்மிக்குப் பக்கத்தில் எதுவோ கொட்டி ஒரு கறை. வந்த பையன் நல்ல பையன்தான், "ஆசிட் போட்டா ஒரு நிமிஷத்துல போயிடும்க்கா" என்றான். நான் மோட்டார் மெக்கானிக்கோடு போனில் இருந்தேன். தலையை ஆட்டினேன். புஸ்ஸென்று நுரைத்தது, கறை போனது, கூடவே காவியும் போனது. ஒரு தட்டு அளவுக்கு வெள்ளை. ஆசிட் சிமெண்டைத் தின்னும், அது ரெட் ஆக்சைடாக இருந்தாலும் சரி, மொசைக்காக இருந்தாலும் சரி, மார்பிளாக இருந்தாலும் சரி. பாத்ரூமிலும் பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்ற விடாதீர்கள், அதிலிருந்து வருகிற வாயு மூச்சை அடைக்கும். பாட்டிலை வண்டியிலிருந்தே இறக்கக் கூடாது என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள், போனை வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

அம்மா காலத்தில் வேலை செய்த அக்கா, வாசல் கேட் திறந்திருப்பதைப் பார்த்து மறுநாள் உள்ளே வந்தார். கடைசியாக அம்மா அவருக்கு மாதம் 1,200 கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்குக் கம்பெனிக்கு நான் கொடுத்தது அவருக்குப் பதினோரு மாதச் சம்பளம், அதை அவரிடம் சொல்லவில்லை. ஹாலைப் பார்த்து நல்லா இருக்கு என்றார், சமையலறைக்குப் போனார், குனிந்து அந்த வெள்ளையை விரலால் தடவிப் பார்த்தார். "எண்ணெய் இருக்காம்மா?" என்று கேட்டார். வீட்டில் எண்ணெய் எங்கே இருக்கும். கடைக்குப் போய் வாங்கி வந்தேன், ரொம்ப நேரம் தேய்த்தார், கொஞ்சம் மங்கினது, போகவில்லை.

இப்போது மாதம் 4,000 அனுப்புகிறேன். கல்யாண விஷயத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஒன்றாம் தேதி காலையில் சித்தப்பாவிடமிருந்து மூன்று போட்டோவும் வந்துவிடும், தரை பெருக்கித் துடைத்து ஈரம் தெரியும். சமையலறைப் படத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் அம்மிக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரித்துக் கிடக்கிறது.