பெர்லினிலிருந்து ரூகன் தீவுக்கு, இரண்டு பிள்ளைகளோடு

முதல் தடவை ஆறு நாளில் பிராக், வியன்னா, புடாபெஸ்ட் மூன்றும் பார்க்கத் திட்டம் போட்டோம். அப்போது பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு ஒன்றரை. நான்காம் நாள் சின்னவனுக்குக் காய்ச்சல். புடாபெஸ்ட்டில் ஹோட்டல் அறையை விட்டு நான் வெளியே வரவேயில்லை. அடுத்த கோடையில் ஒரே ஊர், ஒரே வீடு, ஏழு இரவு என்று முடிவு செய்தோம். பால்டிக் கடலில் ஜெர்மனிக்குச் சொந்தமான ரூகன் தீவு, அங்கே பின்ஸ் என்ற கடற்கரை ஊர்.

பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டால் ஜெர்மனியில் விடுமுறையில்தான் கிளம்ப முடியும். அதனால் வீட்டை ஜனவரியிலேயே பிடித்துவிடுங்கள். ஹோட்டல் வேண்டாம், சமையலறை உள்ள ஃபெரியன்வோனுங், அதாவது விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடு, எடுங்கள். கோடையில் பல வீடுகளைச் சனி முதல் சனி வரைதான் தருவார்கள். படுக்கை விரிப்புக்கும் கடைசி நாள் சுத்தம் செய்வதற்கும் தனிக் காசு உண்டா என்று முன்பே கேளுங்கள். அப்புறம் அடுப்பு என்ன வகை என்றும் கேளுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குக்கரை நான் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்தது இண்டக்‌ஷன் அடுப்பு; குக்கர் சூடேறவே இல்லை. அடி காந்தத்தில் ஒட்டும் எவர்சில்வர் குக்கர்தான் வேண்டும். அரிசி, பருப்பு, ரசப்பொடி, ஊறுகாய் இருந்தால் போதும். நாள் முழுக்க அலைந்த பிள்ளைக்கு ராத்திரி ரசம் சாதம் ஊட்டினால் சத்தமில்லாமல் தூங்கும்.

ரயில்தான் நல்லது, பெர்லினிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஆறு வயதுக்குள் டிக்கெட் வேண்டாம். 6 முதல் 14 வரை பெற்றோருடன் போனால் இலவசம், ஆனால் உங்கள் டிக்கெட்டில் பிள்ளையின் பெயரோ எண்ணிக்கையோ பதிந்திருக்க வேண்டும். இருக்கைக்குத் தனியாகப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவுக்குக் குடும்பம் முழுவதற்கும் ஒரே கட்டணம் என்ற சலுகையை 2025 ஜூனில் எடுத்துவிட்டார்கள். ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் க்ளைன்கிண்ட்அப்டைல் என்று கைக்குழந்தைக்காரர்களுக்குத் தனி அறை உண்டு. தள்ளுவண்டி நிறுத்தலாம், பிள்ளை தரையில் உட்கார்ந்து விளையாடலாம். முதலில் அதைத் தேடுங்கள்.

பக்கத்து நாட்டுக்குப் போவதாக இருந்தால், இந்தியப் பாஸ்போர்ட்டும் வசிப்பு அட்டையும் பிள்ளைக்கும் தனித்தனியாக வேண்டும். இரண்டின் காலாவதித் தேதியையும் டிக்கெட் போடும் முன் பாருங்கள்.

மருந்துப் பையில் மருத்துவரிடம் கேட்டு, பிள்ளையின் எடைக்கு ஏற்ற காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வையுங்கள். ஜெர்மனிக்குள் டாக்டர் பார்க்கும் நேரம் கடந்தால் 116117 என்ற எண்ணுக்கும், உயிர் ஆபத்தென்றால் 112க்கும் போன் செய்யுங்கள். அரசு மருத்துவக் காப்பீடு என்றால் உங்கள் அட்டையின் பின்பக்கம் மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் செல்லும், இந்தியப் பாஸ்போர்ட் என்றால் டென்மார்க் தவிர. புடாபெஸ்ட்டில் எனக்கு இது தெரியாமல் போயிற்று.

இன்னொன்று: ஜூலையில் அங்கே பத்து மணிக்கு மேல்தான் இருட்டும். கறுப்புத் துணியும் பத்துத் துணிக் கிளிப்பும் கொண்டுபோய் ஜன்னலை மூடினோம். அது இல்லாவிட்டால் இரண்டு பேரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

நாளுக்கு ஓர் இடம் போதும், அதுவும் காலையில். ஒருநாள் தீவிலேயே உள்ள யாஸ்மண்ட் காட்டு வழியே சுண்ணாம்புப் பாறைகள். இன்னொரு நாள் ராசென்டர் ரோலன்ட் என்கிற குட்டி நீராவி ரயில். மணிக்கு முப்பது கிலோமீட்டர்தான் வேகம். புகை வாசனையில் சின்னவன் என் மடியிலேயே தூங்கிவிட்டான், அன்றைய மதியத் தூக்கம் அதுதான்.

மீதி நேரமெல்லாம் கடற்கரை. கரையில் ஓட்டை விழுந்த கற்கள் கிடைக்கும், ஹூனர்கோட் என்பார்கள், அதாவது கோழிச்சாமி. மகள் காலை முழுக்கக் குனிந்து தேடுவாள். கிடைத்ததும் ஒற்றைக் கண்ணை மூடி, ஓட்டை வழியாகக் கடலைப் பார்ப்பாள், அப்புறம் தம்பிக்குக் காட்டுவாள். பதினொன்று சேர்ந்தன, நூலில் கோத்துப் பால்கனியில் தொங்கவிட்டிருக்கிறாள். திரும்பும் பெட்டியில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.